பூ வைக்க வந்தவர்கள் பூவைக் கண்டு திரும்பிய விவரம்

எலவனாசூர்கோட்டை,
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய களமருதூர் சம்பந்தி சுப்புராயன் அவர்களுக்கு (சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்பது இதை நீங்கள் படித்து முடித்த பிறகுதான் தெரியும், அதுவரை பொறுத்துக்கொள்ளவும்) வெங்கடேசன் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் மனைவி பாப்பாத்தியும் மகள் தேவிப்ரியாவும் நலம். கடிதம் என்றால் எல்லாரும் எழுதுகிற நலம் இல்லை இது, நிஜமாகவே நலம். யாருக்கும் காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை, எங்கள் வீட்டில் அம்மை இல்லவே இல்லை. இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் எடுப்பதில்லை. அம்மை போட்ட வீட்டோடு போனில் பேசினாலும் ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. கடிதத்திலும் சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் காயவைத்துவிட்டுப் படியுங்கள், ஆனால் படித்துவிடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதெல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் ஆரம்பித்தது. தை மாசம் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, காபியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "நல்ல வூடுதாங்க, கொஞ்சம் இருட்டடிச்சிக்கினு இருக்குது" என்றீர்களே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. உங்கள் மகன் ஜீவாவுக்கும் என் மகளுக்கும் பிடித்துப்போய், உங்கள் வீட்டில் சரிக்கட்டி, என் வீட்டில் சரிக்கட்டி, ஒருவழியாகப் பூ வைக்க நாள் குறித்திருக்கிறோம், அன்றைக்கும் வீடு இருட்டாக இருந்தால் என் மரியாதை என்னாவது? கரும்பு வெட்டு முடிந்து கையும் சும்மா இருந்தது. பங்குனியில் ஊரெல்லாம் பூக்கிறதே, அந்தப் பூவையும் நிறத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் நீங்கள் வாயடைத்துப் போவீர்கள் என்று கணக்குப் போட்டேன். வாயடைத்துத்தான் போனீர்கள். அதுவரைக்கும் கணக்கு சரி.

முதலில் வாசல் சுவருக்கு வர்ணம். கடைக்காரன் அட்டையில் காட்டியபோது அது வெளிர் சாமந்தி நிறம். சுவரில் ஏறிக் காய்ந்ததும் பார்த்தால் அரைத்த மஞ்சளை அள்ளிப் பூசினது போல் பளபளவென்று நிற்கிறது. பாப்பாத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னாங்க இது, கோயில் செவுரு மாதிரி?" என்றாள். மங்களகரம் என்றேன். அப்படியானால் சரி என்று அதற்குத் தோதாக அவளும் ஒரு மஞ்சள் புடவை எடுத்துவந்துவிட்டாள்.

அடுத்தது பூ. கடைப்பூ யார் வீட்டில்தான் இல்லை? இந்த மாசம் கல்வராயன் மலையில் புரசு மரம் ஒரு இலைகூட இல்லாமல் செக்கச்செவேல் என்று பூத்து நிற்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் இருசப்பனின் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு மேலே போய்க் கிளை கிளையாகக் கொண்டுவந்தேன் (பட்டா நிலத்து மரம்தான், கேட்டுத்தான் வெட்டினேன், வனத்துறையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இருந்தால் சொல்லிவிடவும்). வளைவுக்கு வளைவு இருசப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னாங்க, பூ வெக்கறது பொண்ணு தலையிலயா, மலை தலையிலயா? வண்டி இழுக்க மாட்டேங்குது" என்றான். நான் காதில் வாங்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினேன்.

கிளைகளைப் பித்தளை அண்டாவில் அடுக்கியது தேவிப்ரியா. நல்ல கைராசி அவளுக்கு, கூடமே பற்றி எரிவது போல ஆகிவிட்டது. ஆனால் பூவுக்குள்ளே மலை எறும்பு ஒளிந்துகொண்டிருந்ததை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒரு இடம் விடாமல் கடித்து வைத்துவிட்டது. பூ வைக்க வருகிற நாள் காலையில் பெண்ணின் முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி! சம்பந்தி, நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், எறும்பு, எறும்பு, எறும்பு.

வாசலுக்கு மாவிலைத் தோரணம்தான் கட்டியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக் கலையரசியிடம் போய்க் கேட்டால், "பிஞ்சு புடிச்சிக்கினு இருக்கற மரங்க, ஒரு இணுக்கு ஒடிச்சீங்கன்னா நான் உங்க கைய ஒடிப்பேன்" என்கிறது அந்தம்மா. வேறு என்ன செய்ய? எங்கள் கிணற்றங்கரை வேம்பு வெள்ளை வெளேர் என்று பூத்துக்கிடந்தது, வாசனை தெருமுனைவரை வீசியது. பூவும் தளிருமாக ஒடித்துவந்து நிலைப்படி முழுக்கத் தோரணமாகக் கட்டிவிட்டேன். வேப்பிலை கட்டினால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அம்மை போட்ட வீட்டில் ரெண்டு கொத்து சும்மா செருகுவார்கள், நான்தான் அழகாக வளைத்துக் கட்டியிருக்கிறேனே, பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். வெயிலில் வருகிறீர்களே என்று இளநீரையும் வெட்டி வாசலிலேயே குவித்து வைத்தேன், அதுவும் என் புத்திசாலித்தனம்தான்.

இனி நீங்கள் பார்த்ததையும் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இத்தனை பூ இருந்தால் தேனீ வருமா வராதா? கூட்டமாக வந்துவிட்டது. பாப்பாத்தி அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் புடவையோடு, வேப்பங்கொத்தை வீசித் தேனீ விரட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று போய்க் கூந்தலுக்குள் மாட்டிக்கொண்டது. அவள் தலையைச் சுற்றுகிறாள், குதிக்கிறாள், "போ! கிட்ட வராத! போயிடு!" என்று கத்துகிறாள், சரியாக அந்த நேரம் பார்த்து உங்கள் வேன் வந்து நிற்கிறது. மஞ்சள் சுவர், வேப்பிலை, இளநீர், ஜன்னலில் எட்டிப் பார்த்த என் மகளின் புள்ளி முகம், இத்தனைக்கும் நடுவில் பாப்பாத்தி. உங்கள் வீட்டம்மா செந்தமிழ்ச்செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டு, தலையில் இருந்த பூவை எடுத்துவிட்டு, தெருவென்றும் பாராமல் விழுந்து, "தாயே, நாங்க இன்னா கொற வெச்சோம்?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. பாப்பாத்தி தேனீயைப் பார்த்து "போன்னா போ!" என்றாள். ஆத்தாளே சொல்லிவிட்டாள் என்று எல்லாரும் வேனில் ஏறிவிட்டீர்கள். நான் பின்னாலேயே வேட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை ஓடிவந்தேன், உங்கள் டிரைவர் இன்னும் வேகம் எடுத்தான். அவனைக் குறை சொல்லவில்லை.

கொண்டுவந்த பூத்தட்டை நீங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பினீர்களே, அதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஒரு வண்டிப் பூ என் வீட்டில், என் மகள் தலையில் மட்டும் ஒரு முழம் இல்லை. அவள் என்னோடு பேசி ரெண்டு நாளாகிறது. திட்டினால்கூடப் பரவாயில்லை, "இன்னாப்பா, போதுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். தோரணத்தை அவிழ்த்துவிட்டேன், புரசை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போட்டாயிற்று, சுவருக்கு நீங்கள் சொல்கிற வர்ணம் அடித்துவிடுகிறேன், இருட்டாக இருந்தாலும் சரி என்றால் கரியே பூசுகிறேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எறும்புக் கடிக்குப் போய் ஒரு கல்யாணம் நிற்கலாமா?

உங்கள் வீட்டம்மாவுக்கு பாப்பாத்தியின் மன்னிப்பும் (தேனீயின் சார்பாகவும் சேர்த்து), மாப்பிள்ளை ஜீவாவுக்கு எங்கள் ஆசியும், உங்கள் கன்றுகாலிகள் வரை எல்லாருக்கும் எங்கள் அன்பும் உரித்தாகுக. தெய்வம் நம் இரண்டு வீட்டுக்கும் துணை நிற்கட்டும், எட்ட நின்றே துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
நலமாக இருக்கும்
வெங்கடேசன்

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதைச் சேர்க்கிறேன். மேலே எறும்பு என்று எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ராத்திரி தேவிப்ரியாவுக்குக் காய்ச்சல் அடித்தது, விடிந்து பார்த்தால் புள்ளியெல்லாம் நீர் கோத்திருக்கிறது. அம்மையேதான். ரெண்டு எறும்பும் கடித்திருக்கும், அதற்கு மேல் என்னால் சாதிக்க முடியாது. தோரணத்தை மறுபடியும் கட்டிவிட்டேன், இளநீரும் வீண் போகவில்லை, சுவரின் நிறத்தைத் தெருவே பாராட்டுகிறது. கடிதத்தைப் படித்து முடித்ததும் கையைக் கழுவிக்கொள்ளவும்.

இன்னொரு விஷயம். உங்கள் மகன் திருக்கோவிலூர் போயிருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அவர் போகவில்லை. இதோ என் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். "எனக்கு ஆறாவது படிக்கசொல்லவே போட்டுடுச்சு மாமா, இனிமே ஒண்ணியும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். கையில் முல்லைச் சரம். அம்மை கண்டவள் தலையில் பூ வைக்கக் கூடாது என்று பாப்பாத்தி சொன்னதும், அதை ஜன்னல் கம்பியில் மாட்டினார். பிறகு வாசலுக்குப் போய் என் தோரணத்திலிருந்து ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துவந்து அவள் தலைமாட்டில் வைத்தார். தேவிப்ரியா சிரித்தாள், அந்தப் புள்ளி முகத்தோடு.

அந்தக் கொத்தில் பூ இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன், பாப்பாத்தியும் பார்த்தாள். ஆகவே பூ வைத்தாயிற்று, சம்பந்தி. அம்மை இறங்கி அவளுக்கு மூணு தண்ணி ஊற்றியதும் சொல்லி அனுப்புகிறேன், சாப்பிட வந்துவிடுங்கள்.