அப்பவே தெரிந்தவர்

மனிதர்களில் 'அப்பவே தெரிந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. எந்தப் பழைய சந்தின் சுவர்களுக்குப் புதுச் சாயம் அடித்து, மஞ்சள் விளக்குகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு, ஒரே காபிக்குப் பத்துப் பெயர் வைத்து விற்கிறார்களோ, அந்தச் சந்தில் சனிக்கிழமை சாயங்காலம் இவர் முளைத்துவிடுவார். வாங்க வரமாட்டார், விளக்க வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெருமூச்சு ஒன்றை விட்டு, "இதெல்லாம் அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்பார். தெரியாது என்று சொல்லித் தொலைக்காதீர்கள். தெரியும் என்றால் இன்னும் ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஒருவர் காப்பீட்டு அலுவலக மேலாளர். போன மாதம் வெளியூர் மைத்துனரையும் தன் மனைவியையும் என்னையும் அப்படியொரு சந்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். வாசனை மெழுகுவர்த்திக் கடை அப்போது அச்சகமாம். பாட்டு அலறும் மதுக்கூடம் அப்போது சாக்குக் கிடங்காம்.

"இந்தச் சந்துல என் கால் படாத கல்லே இல்ல, மச்சான்!"

மச்சான் கொட்டாவியை விழுங்கினார். மனைவி பேசவில்லை. பேச இடம் கிடைத்தால்தானே?

மதுக்கூடத்தை ஒட்டிய படிக்கட்டில் ஒரு தையல்காரம்மா காகிதமும் கையுமாக நின்றிருந்தார். நம்மவர் பேச்சு காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. மாடியில நாங்க நாலு குடும்பம் இருக்கோம். இந்தப் படிக்கட்ட அடைச்சு மதுக்கூடத்தோட சேக்கப் பாக்கறாங்க. இது பொதுப் படிதான்னு பழைய ஆளுங்க அஞ்சு பேரு கையெழுத்துப் போடணுமாம். நாலு கெடச்சிருச்சு. திங்கக்கெழம விசாரணை. நீங்க ஒண்ணு போட்டுக் குடுங்க சார்."

அவர் நீட்டிய பேனாவை நம்மவர் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நானா? நான் எப்பவாச்சும் இந்தப் பக்கம் வர்றவன்மா. ஒரு தடவ சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வந்தேன்..."

"கால் படாத கல்லே இல்லன்னீங்களே?"

"அது கல்லு. இது படிக்கட்டு."

"இப்படிக் குடுங்க" என்று மனைவி காகிதத்தை வாங்கினார். "கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம் இந்தப் படி ஏறித்தான் டைப்ரைட்டிங் கத்துக்கிட்டேன். ஏழாவது படி ஒடஞ்சிருக்கும், தாண்டித்தான் போகணும்."

"இன்னும் ஒடஞ்சுதான்மா இருக்கு!" தையல்காரம்மா பேனாவை நீட்ட, மனைவி ஐந்தாவது கையெழுத்தைப் போட்டார்.

நம்மவர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியே."

படிக்கட்டு தப்பியது. நம்மவர் திருந்தினாரா? மறுவாரம் அலுவலகத்தில் அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "அந்தப் படிக்கட்டக் காப்பாத்தினதே நாங்கதான். ஏழாவது படி ஒடஞ்சிருக்கும். எனக்கு அப்பவே தெரியும்!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, 'அட, இது நம்ம ஊர்ச் சந்துதானே, இந்த ஆளுக்கு என்ன தெரியும், நான் சொல்கிறேன் கேள்' என்று உங்கள் நாக்கு லேசாக அரித்ததா? அரித்திருந்தால், பக்கத்தில் இருப்பவரை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். அவர் கடைசியாக எப்போது வாய் திறந்தார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?