போத்தல் நானாவின் வலை

போத்தல் நானாவிடம் ஏச்சு வாங்காமல் மன்னாரில் பஸ் ஏறியவர் எவரும் இல்லை. தெருவில் திரியும் கழுதைகளையும் அவர் விட்டுவைத்ததில்லை.

நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பக்கத்தில், பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய சோடாக் கடை. ஒருமுறை அடம்பன் போகும் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் வெறும் தண்ணீர்ப் போத்தலை வெளியே எறிந்தார். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, நானா தள்ளாடிச் சந்தி வரை சைக்கிள் மிதித்து பஸ்ஸை மறித்தார்.

“தங்கச்சி, உங்கட சாமானை விட்டிட்டு வந்திட்டீங்கள்.”

அந்தப் பெண் நன்றி சொல்லி வாங்கிய பிறகுதான் அது என்னவென்று பார்த்தாராம்.

நானாவுக்கு இருந்தது ஒரே ஆசை. பஸ் நிலையத்தில் பிளாஸ்டிக் போட ஒரு தொட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்க எல்லாம் கடலுக்குத்தான் உருளும். நகரசபையிடம் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கினார். முதலில் அட்டைப்பெட்டி வைத்தார். கழுதைகள் பெட்டியைத் தின்றுவிட்டுப் போத்தல்களை எங்களுக்கு விட்டுவைத்தன. அடுத்து, மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் பரல். கருவாடு போடும் ஊரில் நல்ல பரலை வெளியே வைப்பார்களா? மறுநாளே காணவில்லை. அரிப்புக் கிராமத்தில் கண்டுபிடித்தபோது அதற்குள் மீன் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. நானா குனிந்து மணந்து பார்த்து, “நல்ல கட்டா மீன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

நகரசபை மேற்பார்வையாளர் பொறுமை இழந்தார்.

“நானா, இன்னும் ஒருக்காப் பார்ப்பம். அதுவும் பிழைச்சா இந்த இடத்தில மோட்டார் சைக்கிள்தான் நிக்கும்.”

அதற்குப் பிறகு நானா யாரையும் ஏசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. பிறகு ஒருநாள் பழைய மீன்வலை ஒன்றைக் கொண்டுவந்து, கழுதைக்கு எட்டாத உயரத்தில் பை போலக் கட்டித் தொங்கவிட்டார்.

“என்ன நானா, ரோட்டில மீன் பிடிக்கப் போறீங்களோ?” என்று கேட்டேன்.

“மீனை இல்லைத் தம்பி, மீன்காரரை.”

விடியக் கடற்தொழிலுக்குப் போக வந்தவர்கள் அதைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். கடலுக்குப் போகும்போது வெறும் வலையில் முழிப்பது எங்கள் கரையில் ஆகாது. ஒருவர் சுற்றும் முற்றும் பார்த்து, கீழே கிடந்த போத்தலைப் பொறுக்கி உள்ளே போட்டார்.

“இப்ப சரி, வாங்கோ போவம்.”

பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். அவர்களைப் பார்த்து பஸ்ஸுக்கு நின்றவர்களும் போட்டார்கள். மேற்பார்வையாளர் வந்தபோது வலை பிதுங்கிக்கொண்டிருந்தது. தன் கையிலிருந்த வெறும் போத்தலைப் போட இடமில்லாமல் அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

“நானா, இன்னும் ரெண்டு வலை கட்டேலுமோ?”

“ஓம், கட்டலாம்” என்ற நானா அன்று எல்லாருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தார். குடிக்கக் குடிக்கப் போத்தலைக் கவனிக்கச் சொல்லி ஏசினார்.

இப்போது வெள்ளாங்குளம் வரை வலை கட்ட அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வெளியூர் போன நாட்களில் பஸ் நிலையத்தில் என்னை ஏச ஒருவரும் இல்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.