ஹலோ கைஸ் அண்ணையும் குட்டிக் கிற்றாரும்

கடவுள் குருநகரில் வெட்கத்தைப் பங்கிட்ட அன்று ஹலோ கைஸ் அண்ணை வீட்டில் இருக்கவில்லை. மீன் சந்தைக்குப் போயிருந்திருப்பார். கடவுளும் அவருடைய பங்கைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கத்து வீடு என்னுடையது. இரண்டு பேருடைய வெட்கத்தையும் நான் ஒருவனே சுமந்து திரிந்தேன்.

அண்ணைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சுவாமியாருக்கும் வாக்காளர் இடாப்புக்கும் மட்டுந்தான் தெரியும். தொழில், சந்தையில் மீன் ஏலம் கூறுவது. அவர் “பாரை! பாரை!” என்று தொடங்கினால், கரைக்கு இன்னும் வந்து சேராத வள்ளத்தில் நிற்பவனுக்கும் விலை தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தொண்டைக்காரர், மடியில் வைத்து வாசித்தால் பக்கத்துக் கதிரைக்கு மட்டுமே கேட்கிற ஒரு வாத்தியத்தில் ஆசை வைத்தார்.

வள்ளங்கள் பிந்திய ஒரு காலையில் போனில் எஞ்சின் திருத்தும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாராம். அது முடிய, கேளாமலே அடுத்தது ஓடியிருக்கிறது. ஏதோ ஒரு தீவின் கடற்கரையில் ஒரு பெண்பிள்ளை காலை நீட்டி இருந்து யுகுலேலே என்ற நாலு நரம்புக் குட்டி வாத்தியத்தை வாசிக்கிறாள். அண்ணை அன்று பாரையை அரைவிலையில் கூறி முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, உந்தக் குட்டிக் கிற்றார் எங்கை எடுக்கலாம்?”

“அண்ணை, உது சின்னப் பிள்ளையளின்ரை சாமான் போலை கிடக்கு.”

“அப்ப இன்னும் நல்லது. பழகிறது சுகமாயிருக்கும்.”

அவருடைய விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் மொத்தம். ஒரு விரல் வைத்தால் நாலு நரம்பும் மூடிப்போகும். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கந்தோரில் வேலை செய்கிறவன், ஓடர் போடத் தெரிந்தவன் என்ற பெருமையில் கொழும்புக் கடை ஒன்றிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தேன். அன்று தொடக்கம் தெருவில் நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி நான்.

குருமாரையும் அவரே போனில் தேடிப் பிடித்தார். கடற்கரைப் பிள்ளை ஒருவர், தொப்பிக்காரர் ஒருவர், பூனைக்காரி ஒருவர். மூன்று பேரும் எந்த நாடென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அண்ணைக்கு ஆங்கிலம் வராது. ஆகையால் வீடியோவில் எது பாட்டு, எது பாட்டில்லை என்று பிரிக்க அவருக்கு வழியிருக்கவில்லை. நல்ல மாணவனாக முழுவதையும் பாடமாக்கினார்.

முதலில் நிமிர்ந்து இருந்து, பல் முழுவதும் தெரியச் சிரித்து, “ஹ...லோ... கை...ஸ்” என்று இழுப்பார். பிறகு வாசிப்பார். பாட்டின் நடுவில் இடது பக்கம் ஒருதரம் கையை வீசி எதையோ தள்ளுவார்.

“அது என்ன அண்ணை?”

“பூனையைத் தள்ளுறன் தம்பி.”

“இஞ்சை பூனை இல்லையே?”

“இல்லாட்டில் என்ன? அந்த இடத்திலை தள்ளவேணும். தள்ளாட்டித் தாளம் பிசகிப்போம்.”

பாட்டு முடிந்ததும் முன்னே சாய்ந்து, சுட்டுவிரலால் காற்றில் ஓர் அமத்து அமத்துவார். வீடியோக்காரர்கள் கடைசியில் கமெராவை நிற்பாட்டுகிறார்கள் அல்லவா, அது. எதிரே இருப்பவர் புதியவர் என்றால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னே பாய்வார்.

இவ்வளவும் ஆமை வேகத்தில் நடக்கும். அவர் ஒரு பாட்டைத் தொடங்கினால் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம் என்பாள் என் மனைவி. வீட்டில் அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவ, போடும் சத்தத்துக்குப் பயந்து காதில் ஹெட்செற் மாட்டித்தான் படிப்பார் என்பதால், குருமார் என்ன வேகத்தில் வாசிக்கிறார்கள் என்பது வேறு ஒருவருக்கும் தெரியாது. அண்ணைக்கு வருவது அவ்வளவுதான் என்று நாங்களாகவே முடிவுகட்டியிருந்தோம்.

வீட்டுக்குள் வாசித்திருந்தால் பரவாயில்லை. பூசை முடிந்து சனம் வெளியே வர, கோயில் வாசலில் வாசித்தார். வரி கட்ட என்று என் கந்தோருக்கு வந்து வரிசையில் நின்றவர்களுக்கு வாசித்தார். “இந்தத் தம்பிதான் எனக்கு எல்லாம் எடுத்துத் தந்தது” என்று ஒவ்வொரு இடத்திலும் என்னை விரல் நீட்டிக் காட்டினார். என் மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், மேசைக்குக் கீழே விழுந்த பேனையை நான் வெகுநேரம் தேடினேன்.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஒரு செத்தவீடு. வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்திய பழைய சம்மாட்டி ஒருவர் மோசம் போய்விட்டார். அண்ணை தலைமாட்டில் கதிரை போட்டு, கடற்கரைப் பிள்ளையின் துள்ளல் பாட்டு ஒன்றை வாசித்தார். அவருடைய வேகத்தில் அது ஒப்பாரியாகத்தான் கேட்டது. பெண்கள் விம்மி விம்மி அழுதார்கள். நல்லவேளை என்று நான் மூச்சு விடுகிற நேரம், அண்ணை முன்னே சாய்ந்து பெட்டிக்கு மேலே விரலை நீட்டி அமத்தினார். பிரேதம் எழும்பப்போகுதாக்கும் என்று செத்தவரின் தங்கச்சி குளறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினா. சனம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.

இந்த நிலையில்தான் என் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பகுதி உரும்பிராய்ப் பக்கத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பம். சம்மந்தி இளைப்பாறிய அதிபர். ஞாயிறு தவறாமல் தங்கள் கோயிலில் ஓர்கன் வாசிப்பவர். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு வானொலியையே “கொஞ்சம் சுருதி விலகுது” என்று சொல்லி நிற்பாட்டச் செய்த மனிதர். நாள் குறித்த அன்று பின்னேரம் மதில் பக்கமிருந்து அண்ணையின் தலை எழும்பியது.

“தம்பி, பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நான் ஒரு பாட்டு வாசிக்கிறன். சபையிலை முதல் பாட்டு என்ரை!”

அவர் போனதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். “இஞ்சருங்கோ, நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ? அந்த மனிசன் வாசிச்சா நான் மண்டபத்துக்கை கால் வைக்கமாட்டன்!”

சொல்கிறேன் என்றேன். நாலைந்து தரம் மதிலடிக்குப் போய், வெய்யில் எப்படி, மீன் எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்தக் கிழமைதான் தொப்பிக்காரர், பழகுகிறவர்களுக்கு இணையத்தில் நேரடி வகுப்பு வைக்கிறேன், விரும்பியவர் வரலாம் என்று அறிவித்திருந்தார். அண்ணை மொழிபெயர்ப்புக்கு என்னைக் கேட்டார். குருவே “இன்னும் சபைக்குப் போகாதே” என்று சொல்லிவிட்டால் என் பாடு சுகம் என்ற நப்பாசையில் நானும் மடிக்கணினியோடு போனேன். அண்ணை பெருநாள் சேட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து இருந்தார். திரையில் பல நாட்டு முகங்கள் தெரிந்தன. தொப்பிக்காரர் வாய் திறந்ததும் அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

“உவர் ஏன் தம்பி இண்டைக்கு இப்பிடி அந்தரப்படுறார்? பஸ் பிடிக்கப் போறாரோ?”

“சும்மா கதைக்கிற மாதிரித்தானே அண்ணை கதைக்கிறார்.”

“இல்லைத் தம்பி. எவ்வளவு ஆறுதலான மனிசன். ஏதோ சுகமில்லை.”

எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தார்கள். அவர்கள் முடித்து, தண்ணீர் குடித்து, சிரித்துக் கதைக்கத் தொடங்கியபோது அண்ணை இரண்டாவது வரிக்கு வந்திருந்தார். தொப்பிக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “உங்கள் பக்கம் இணையம் சரியான ஸ்லோ” என்றார்.

“சொல்லும் தம்பி, இஞ்சை நல்ல கவரேஜ் எண்டு!”

சொன்னேன். தனியே ஒருதரம் வாசிக்கச் சொன்னார்கள். அண்ணை இழுத்தார், வாசித்தார், பூனையைத் தள்ளினார், தொப்பிக்காரரின் மூக்கிலேயே விரலை வைத்து அமத்தினார். திரை முழுவதும் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கேயோ பிழை என்று மனதில் உதைக்க, அண்ணையின் போனை வாங்கிப் பார்த்தேன். வீடியோ ஓடும் வேகம் அரைவாசியில் நின்றது. அந்த வாழைக்காய் விரல் என்றைக்கோ தெரியாமல் அமத்தியிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப நான் படிச்ச எல்லாப் பாட்டும்?”

“ஓம் அண்ணை.”

“செத்தவீட்டிலை வாசிச்சதும்?”

“ஓம் அண்ணை.”

அவர் யுகுலேலேயை மெதுவாக மடியிலிருந்து இறக்கினார். திரையில் இருந்தவர்களுக்கு முகத்தைக் காட்டாமல் எழும்பி உள்ளே போய்விட்டார்.

மனைவி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நானும் சந்தோஷப்பட்டேன், இரண்டு நாள் அளவில். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த அமைதி என்னைச் சாப்பிட விடவில்லை. சந்தைக்குப் போனேன். அண்ணை பாரையைக் காதுக்குள் இரகசியம் சொல்வதுபோலக் கூறிக்கொண்டிருந்தார். “அண்ணைக்கு என்ன, தொண்டை கட்டிட்டுதோ?” என்று வள்ளக்காரர்கள் என்னைத்தான் கேட்டார்கள்.

கலியாண நாளும் வந்தது. மண்டபத்தில் அண்ணை கடைசி மேசையில், வெள்ளைச் சேட்டோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக இருந்தார். அவர் மரியாதையாக இருந்து அன்றுதான் கண்டேன். கேக் வெட்டி முடிந்ததும் அவரிடம் போனேன்.

“அண்ணை, முதல் பாட்டு உங்கடை எண்டியள்?”

“வேண்டாம் தம்பி. உங்கடை சம்மந்தி, அந்தப் பெரிய மனிசன், இருக்கிறார். எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து கேட்க எனக்குத் தாங்கவில்லை. அண்ணைக்குக் கிற்றாரையும்விடப் பொருந்தாத ஒன்று இருந்தால் அது வெட்கந்தான். நான் வாய் திறக்கமுதல், பக்கத்தில் இருந்த அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து என் கையில் தந்தா. “கொண்டந்தனான் தம்பி. ஆரும் ஒருக்காக் கேக்கமாட்டியளோ எண்டு.”

நானே ஒலிவாங்கியைப் பிடித்து அறிவித்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். அண்ணை தயங்கித் தயங்கி வந்து இருந்தார். சரியான வேகம் அவருக்கு இன்னும் வராது. தெரிந்த வேகத்திலேயே தொடங்கினார். இரண்டு வரி போக முதுகு நிமிர்ந்தது, பல்லும் தெரிந்தது. பரிமாறுகிறவர்கள் தட்டுகளோடு அப்படியே நின்றார்கள். குழம்பில் ஆடை படிந்தது.

சம்மந்தி என் பக்கம் சாய்ந்தார். “உது எப்ப முடியும்?”

“தெரியாது ஐயா” என்றேன். வெட்கத்தில் காது இரண்டும் நெருப்பாய்ச் சுட்டது. இது முடிய இன்னும் ஒன்று வாசிக்கமாட்டாரோ என்றும் இருந்தது.