பரிபூரணம் திரும்பவில்லை

1987 கிறிஸ்துமஸுக்கு நான் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் விழாவில் பாட்டு நடுவே என் கிடார் வாசிப்பை நிறுத்திவிடுவது. பாடகர் வரிசையில் எனக்கு முன்னால் நின்று பாடும் என் மனைவி பரிபூரணம் திரும்புகிறாளா என்று பார்த்துவிடுவது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் ஃபிட்டர். மற்ற நேரமெல்லாம், பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் போடும் பேஸ் கிடார். அதிலும் ஜாஸ். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கேசட்டைத் தேயத் தேயக் கேட்டுக் கற்றது. ஆர்கன்காரர் டி மைனர், ஜி செவன்த், சி என்று ஒவ்வொரு சுரக்கூட்டாக, கார்டு கார்டாகத் தாவிவிடுவார். பேஸ்காரன் தாவக் கூடாது, நடக்க வேண்டும். அடிக்கு ஒரு சுரம். கடைசி அடியில் அடுத்த கார்டுக்கு அரைச் சுரம் தள்ளி வாசலில் நின்று, பிறகு உள்ளே கால் வைக்க வேண்டும். இதைப் பரிபூரணத்திடம் பல தடவை விளக்கியிருக்கிறேன். அவள் கொட்டாவி விட்டிருக்கிறாள்.

எங்கள் தெருவில் எனக்குக் கார்டு பிடிக்க ஆள் ஏது? ஷிஃப்ட் முடிந்து வந்து முன்னறையில் கிடாரில் ஒற்றையாக நடப்பேன். போய்ச் சேர வீடில்லாதவன் நடப்பது போலிருக்கும். கேட்கிறதா என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவேன். "தேங்கா திருவுதேன்" என்று பதில் வரும். அன்றைக்குச் சோறு இறங்காது.

விழாவில் ஆர்கன் வாசித்தவர் ஐயாதுரை. அவருடைய கீர்த்தனைக்கு அடியில் என் ஜாஸ் நடையை நைசாக ஓட்டினேன். இரண்டாவது பாட்டில் ஜி-யின் வாசல் வரை போய்க் கையை எடுத்துவிட்டேன்.

ஐயாதுரைக்குத் தெரியவில்லை. பாஸ்டர் பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். பரிபூரணத்தின் கொண்டைகூட அசையவில்லை. அத்தனை கூட்டத்தில் கம்பியைத் தொடாமல் நின்றேன். நான் இல்லாமலே பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கிடார் மடியில், அவள் பக்கத்தில். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் கேட்டாள்.

"ரெண்டாவது பாட்டுல ஏன் நிறுத்துனீக?"

"கேட்டுச்சா?"

"பின்ன? வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போகாம நின்னுட்டீக. பொறவு எனக்குப் பாட்டே ஓடல."

"அப்ப ஏன் திரும்பிப் பாக்கல?"

"திரும்புதேனான்னு பாக்கத்தான நிறுத்துனீக."

நான் கிடார் உறையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெனமும் சுவத்துக்கு அங்கிட்டு நின்னு கேக்கேன். ஒருநாளாச்சும் எந்திரிச்சு அடுப்படிக்கு வந்தீகளா? நாளையிலருந்து அங்க வந்து வாசிங்க. எனக்கும் ஒத்தையாத்தான இருக்கு."

கல்யாணம் ஆகி இவ்வளவு காலம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு ஒரு ரசிகை கிடைத்தாள்.

மறுநாள் தலை சீவி, சட்டை மாற்றி, கிடாரோடு அடுப்படிக்குள் போனேன். உட்கார அங்கே ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஆட்டுரலுக்கு முன்னால். உளுந்து ஏற்கெனவே ஊறியிருந்தது.