ரொட்டேஷன் மாஸ்டருக்கு வந்த கோயம்புத்தூர் வேலை

கல்யாணப் பந்தியைக்கூடக் கடிகாரச் சுற்றில் உட்கார வைக்கப் பார்த்த மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ரொட்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மாணவிகளுக்கும் எங்களுக்கும் பள்ளி வாசலில் வெள்ளரிக்காய் விற்கும் அம்மாவுக்கும் அவர் ரொட்டேஷன் மாஸ்டர். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட, "ரொட்டேஷன் சார் வூடு இதானே?" என்று கேட்டுத்தான் இறக்குவாராம்.

திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளி. நான் அங்கே தமிழாசிரியை. அவர் கணக்கு. கூடவே வாலிபால் கோச்சும் அவர்தான். வாலிபாலில் ஒவ்வொரு முறை சர்வீஸ் கைக்கு வரும்போதும் ஆடுகிறவர்கள் கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர வேண்டும். அதற்குத்தான் ரொட்டேஷன் என்று பெயர். உலகம் சண்டை சச்சரவில்லாமல் ஓட இந்த ஒரு விதி போதும் என்று மாஸ்டர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

அவர் வகுப்பில் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்பதெல்லாம் கிடையாது. பீரியட் தொடங்கியதும் எல்லாரும் ஓர் இடம் நகர வேண்டும். நன்றாகப் படிக்கிற பெண் கடைசி பெஞ்சின் ஜன்னலோரம் போய்க் கனவு காணக் கற்றுக்கொள்வாள். கனவு கண்டுகொண்டிருந்தவள் கரும்பலகைக்கு முன்னால் வந்து முழிப்பாள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இருந்தது ஒரே ஃபேன். "மிஸ், நவுருங்க. காத்து எல்லாருக்கும் பொதுவு" என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களையும் நகர்த்துவார். ஒருநாள் தலைமையாசிரியை சிஸ்டர் ஏதோ சுற்றறிக்கை படிக்க வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். படித்து முடிப்பதற்குள் அவரையும் கதவோரம் நகர்த்திவிட்டார் மாஸ்டர். சிஸ்டருக்கே அது வெளியே போன பிறகுதான் உறைத்திருக்கும்.

எங்கள் மைதானம் ஒரு கைக்குட்டை அளவு. சுவருக்கு அந்தப் பக்கம் சாலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அங்கே எந்நேரமும் வரிசையில் நிற்கும். ஒருநாள் டீம் காப்டன் தேவி அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போய் ஒரு பச்சைக் கன்டெய்னரின் தலையில் உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து அசையாமல் கிடந்த லாரி வரிசை சரியாக அந்த நேரம் பார்த்து நகர்ந்தது. மாஸ்டர் ஓர் ஆட்டோவை மறித்து ஏறி, துறைமுக வாசல் வரை துரத்திக்கொண்டு போனார். அங்கே நடந்ததைப் பிற்பாடு அவரே எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"இன்னா வோணும்?" என்றாராம் வாசலில் இருந்த காவலர்.

"பந்து."

"இன்னா பந்து?"

"வாலிபால். தோ, அந்தப் பச்சை கன்டெய்னர் மேல குந்திகினு போவுது பாருங்க."

"பாஸ் கீதா?"

"எனக்கா, பந்துக்கா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு காவலர் அவரை வாசல் பக்கமே நிற்க விடவில்லை. மறுநாள் மாஸ்டர் சிஸ்டரிடம் போய், "பந்து ஏற்றுமதி ஆயிடுச்சு சிஸ்டர்" என்று முறைப்படி தெரிவித்தார். புதுப் பந்து வாங்கிக் கொடுத்த சிஸ்டர், இதுவும் வெளிநாடு போனால் அடுத்தது கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் அப்பாக்கள் நாலைந்து பேர் குப்பத்திலிருந்து கிழிந்த மீன்வலைகளைக் கொண்டுவந்து, சுவர் மேல் மூங்கில் நட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு எங்கள் மைதானத்தில் எப்போதும் லேசாகக் கருவாட்டு வாசனை அடிக்கும். வெளியூர் டீம்கள் அதிலேயே பாதி சோர்ந்துவிடும் என்பார் மாஸ்டர்.

அந்தக் கைக்குட்டை மைதானத்தில் ஆடிய பிள்ளைகள் ஒரு போட்டியில் பெரிய பெரிய பள்ளிகளை வரிசையாகத் தோற்கடித்தார்கள். அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஓர் உறைவிடப் பள்ளியை நடத்துகிற தாளாளர். அடுத்த வாரமே மாஸ்டருக்குப் போன் வந்தது. கணக்கு ஆசிரியர், வாலிபால் கோச், இரண்டும் சேர்ந்த வேலை. இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு சம்பளம், குடியிருக்க வீடு, மகளுக்கு அங்கேயே படிப்பு, கூரை போட்ட மரத்தரை மைதானம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதை அவர் ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது, யாரோ அவர்மேல் கேஸ் போட்டுவிட்ட மாதிரி இருந்தது முகம்.

சம்பளத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று வீட்டிலேயே இருந்தது. இரண்டாம் வகுப்பில் இருந்த மகள் ஜெனிக்கு வீசிங். ஆலைகள் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். இடம் மாறினால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி மேரி வாயைத் திறந்து எதையும் கேட்கவில்லை. "ஒண்ணும் சொல்ல மாட்டேன்றா மிஸ். சும்மா பாக்குறா. அதான் பேஜாரா கீது" என்றார் மாஸ்டர்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். போகாதே என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவரைத் தேடித்தான் அவர் அந்த மாதம் முழுவதும் அலைந்தார்.

முதலில் சிஸ்டரிடம் போனார். சிஸ்டர் மேஜையைத் தட்டி மறுப்பார் என்று எதிர்பார்ப்பு. அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்ல ஸ்கூல் மாஸ்டர். அவசியம் போங்க. நன்னடத்தைச் சான்றிதழ் நானே எழுதித் தரேன்" என்றார்.

"பாத்தீங்களா மிஸ்" என்று என்னிடம் வந்து பொருமினார். "இத்தினி வருஷம் ஒழைச்சேன். அச்சச்சோன்னு ஒரு வார்த்தை வரல அந்தம்மா வாய்ல. சர்ட்டிபிகேட் எழுதித் தராங்களாம்."

அடுத்து மாமியார். காசிமேட்டில் மீன் விற்கிறவர், கல்மண்டபத்தில் வீடு. பேத்தியை ஒரு வாரம் பார்க்காவிட்டால் சோறு இறங்காது அவருக்கு. அங்கே காரியம் ஆகிவிடும் என்று நம்பிப் போனார்.

"கோயம்புத்தூரா?" என்று இழுத்தாராம் மாமியார். "அங்க சமுத்திரம் கெடையாதே."

மாஸ்டருக்கு உயிர் வந்துவிட்டது. "அதான் அத்த நானும் சொல்றேன். கடலே இல்லாத ஊர்ல கொயந்தைக்கு இன்னாத்த ஆக்கிப் போடறது?"

"அதுக்கு இன்னா இப்போ? ஐஸ் பொட்டில வெச்சு ரயில்ல போட்டுட்டா விடிஞ்சா வந்து சேந்துடப் போவுது. சங்கரா வோணுமா, வஞ்சிரம் வோணுமா, அத்த மட்டும் போன்ல சொல்லு. நீ கெளம்பு நைனா."

பிறகு டீமைக் கூப்பிட்டார். வலை கட்டுவதற்காக வைத்திருந்த ஸ்டூல்மேல் ஏறி நின்று (மாஸ்டர் குள்ளம், வாலிபால் கோச் என்றால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள்), தழுதழுத்த குரலில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் அழுவதற்காகக் காத்திருந்தார். தேவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "எப்போ சார் போற?"

"இன்னாது?"

"இல்ல, ஸ்டோர் ரூம் சாவிய யாராண்ட குடுக்கப் போற? அத்த சொல்லிட்டுப் போ சார். அப்பறம் நாங்க யாரப் போய்க் கேக்கறது?"

அன்று மதியம் என் வகுப்பில் தேவி அடிக்கடி முகம் கழுவ வெளியே போனாள். அதை நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்திருப்பார்.

கடைசியாக என்னிடம் வந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல், "நீங்க இன்னா மிஸ் சொல்றீங்க?" என்றார்.

"ஜெனிக்காகவாவது போங்க சார்" என்றேன்.

டிபன் பாக்ஸை மூடினார். அன்றைக்கு ஃபேனுக்குக் கீழே அவர் முறை. அதையும் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இங்கே யாரும் உதவவில்லை என்று ஆனதும், அந்தத் தாளாளரையே விரட்டப் பார்த்தார். போன் போட்டு, "சார், நான் கிளாஸ்ல பசங்கள நவுத்திக்கினே இருப்பேன், ஒரே இடத்துல குந்த வைக்க மாட்டேன்" என்று எச்சரித்தார். "அப்படியா? புதுமையா இருக்கே. தாராளமா செய்யுங்க" என்று பதில் வந்தது. "நான் பேசற பாஷை உங்க பசங்களுக்குப் புரியாது சார்" என்றார். "உங்ககிட்ட கத்துக்கட்டுமே" என்றார் அந்தப் புண்ணியவான்.

மாதத்தின் கடைசி வாரம். ஒருநாள் சாயங்காலம் பிராக்டிஸ் நடந்துகொண்டிருந்தபோது மேரியிடமிருந்து போன். மாஸ்டர் விசிலைத் தேவி கையில் திணித்துவிட்டு ஓடினார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் ஜெனியை மடியில் சாய்த்துக்கொண்டு, மருந்துப் புகை வருகிற மாஸ்க்கை அவள் முகத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குழந்தையின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேரி, அவர் சொன்ன மாதிரியே, சும்மா அவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"வரேன்னு சொல்ட்டேன் மிஸ்" என்றார் என்னை நிமிர்ந்து பார்க்காமல். "இப்பதான் போன் போட்டேன்."

அந்தக் கோடை விடுமுறையில் போய்ச் சேர்ந்தார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் பார்க்கிறேன், தேவி தன் அப்பாவின் தூண்டில் நரம்பை வைத்து ஒரு செல்போனை வலைக்கம்பத்தில் கட்டிக்கொண்டிருக்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் கோச்சிங். காலைப் பிரார்த்தனைக்கு நடுவே, "கால மடக்கு, கால மடக்கு, இன்னா மரம் மாதிரி நிக்கற?" என்று கம்பம் கத்தும். சிஸ்டர் கண்ணைத் திறக்காமலே பிரார்த்தனையின் வேகத்தைக் கூட்டுவார். லாரி டிரைவர்கள் இறங்கி வந்து, கம்பத்திடம் திட்டு வாங்குகிற பிள்ளைகளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். போகப் போக அங்கே அவருக்கு வேலை கூடிவிட்டது. தினம் என்பது ஞாயிறு ஆகி, ஞாயிறும் சில வாரம் விட்டுப்போனது. பிள்ளைகள் தாங்களாகவே ஆடிப் பழகினார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு போட்டிக்காகக் கோயம்புத்தூர் போனோம். துணைக்குப் போனது நான். பந்து கீழே விழக் கூடாது என்பதற்கு மேல் வாலிபாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அரையிறுதியில் எங்களோடு மோதப் போவது மாஸ்டரின் புதுப் பள்ளி என்று அறிவித்தார்கள்.

புத்தம் புது டிராக் சூட்டில் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். அவருடைய புதுப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் பனைமரம். எங்கள் பிள்ளைகளின் உச்சந்தலை அவர்கள் தோளுக்கு வந்தது. முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். இரண்டாவது செட்டில் தேவி திணறிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். ஒரு கட்டத்தில் அவரால் தாங்க முடியவில்லை.

"தேவி, பின்னால மூலை காலியா கீது பாரு."

பழக்கதோஷம், தேவி அங்கேயே அடித்தாள். பாயிண்ட். காலியாக இருந்த மூலை மாஸ்டரின் சொந்த டீமுடைய மூலை. அவருடைய பிள்ளைகள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். நடுவர் ஏணியில் உட்கார்ந்தபடியே அவரைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க எந்த டீமோட கோச்?"

மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். "சம்பளம் இந்தப் பக்கம் சார்" என்றார்.

மஞ்சள் அட்டை காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கத்தினார். இந்த முறை சிவப்பு. அதற்குத் தண்டனையாக எங்களுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாளாளர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார்.

தேவி டைம்அவுட் கேட்டாள். எங்களிடம் வராமல் நேரே வலைப்பக்கம் நடந்து போனாள்.

"சார், நாங்க ஆடிக்கறோம். நீ உன் பசங்களப் பாரு. பாவம், உன் மூஞ்சியவே பாத்துகினு கீதுங்கோ."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அந்த உயரமான பெண்கள் உண்மையாகவே, எங்கள் பிள்ளைகள் ஒரு காலத்தில் பார்த்த மாதிரி, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையைத் தட்டி அவர்களைக் கிட்டே கூப்பிட்டார். அதன் பிறகு எங்கள் பக்கம் ஒரு வார்த்தை வரவில்லை. அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். கடைசி செட் வரை இழுத்தோம். நியாயமாகத் தோற்றோம்.

சாயங்காலம் வேனில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மைதானத்துக்கு ஏறி வரும் மேட்டுப் பாதையில் ஜெனி ஓடி வந்தாள். ஓடி வந்த வேகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பு, தோழி, வளர்க்கும் பூனை என்று மூச்சு விடாமல் பேசினாள். பின்னாலேயே மாஸ்டர் வந்தார், கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பன் பாக்கெட்டுகளோடு.

"நான் வந்தது சரிதானா மிஸ்?" என்று கேட்டார்.

ஜெனி வேனின் பின்னேணியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன்.

"சரிதான் சார்" என்றேன்.

அவர் போனதிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் மதிய இடைவேளை ரொம்ப நீளமாகிவிட்டது. அதை மட்டும் அன்று அவரிடம் சொல்லவில்லை.