குளியலறைக்கு மணி கட்டிய கதை

பயிற்சி வகுப்புக்குப் போய்த் திரும்பியவனை ஒரு வாரத்துக்கு வீட்டுக்குள் சேர்க்கவே கூடாது. படித்த சூடு ஆறும்வரை வெளியிலேயே உட்கார வைக்க வேண்டும். என் வீட்டில் அப்படிச் செய்யாததால்தான் இத்தனையும் நடந்தது.

பெங்களூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்களுக்கு 'டிசைன் திங்கிங்' கற்றுக்கொடுத்தார்கள். பிரச்சினை உள்ளவரிடம் பேசு, அவருடைய 'பெயின் பாயிண்ட்'டைக் கண்டுபிடி, சின்னதாக ஒன்றைச் செய்து சோதித்துப் பார். இவ்வளவுதான் விஷயம். (மதியச் சாப்பாட்டில் இரண்டு ஸ்வீட் வேறு.) ரயிலில் கோலார் தங்க வயல் திரும்புவதற்குள் உலகத்தைத் திருத்துவதென்று முடிவு செய்துவிட்டேன். உலகம் எங்கள் குளியலறையில் தொடங்கியது.

வீட்டில் நான்கு பேர், ஒரே குளியலறை. காலை ரயிலுக்கு ஓடும் நேரத்தில் உள்ளே யார், அடுத்தது யார் என்று தினமும் சண்டை. மறுநாள் தங்கை ஸ்டெல்லாவுக்குப் பெங்களூரில் முதல் இண்டர்வியூ. அந்த ரயிலை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

முதலில் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, உன் பெயின் பாயிண்ட் எது?"

"இந்த முட்டிதான்டா. தைலம் வாங்கினு வந்தியா?"

பிரச்சினை உள்ளவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பது பாடம். தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு நானாகவே யோசித்து, குளியலறைக் கதவருகே ஒரு பித்தளை மணியைக் கட்டினேன். குளித்துவிட்டு வருபவர் ஒரு முறை அடித்தால் அடுத்தவர் போகலாம். (அம்மாவிடமும் ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். அப்பா தூங்கிவிட்டார். நல்ல டிசைனுக்கு விளக்கமே தேவையில்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.)

காலையில் நான் குளித்துவிட்டுக் கம்பீரமாக ஒரு மணி அடித்தேன். அடுத்தது அப்பா.

அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் போய்வரும் 'கேஜ்' என்ற கூண்டை ஏற்றி இறக்க மணி அடித்தவர். அங்கே ஒரு மணி என்றால் 'நிறுத்து'. வெந்நீர் வாளியோடு வந்துகொண்டிருந்தவர் நடையிலேயே நின்றுவிட்டார். ஸ்டெல்லாவோ அப்பா குளிப்பதாக நினைத்து, அறைக்குள் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் தலை சீவியபடி, சண்டையில்லாத வீட்டை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் பார்த்தாள். "இன்னாங்க, வாளியோட நின்னுனு இருக்கீங்க?"

"ஒரு மணி அடிச்சிக்கிறான். அடுத்த மணி வராம எப்படி நவுறது?"

ஓடிப்போய், "போங்கப்பா, போங்க" என்று கத்திக்கொண்டே மணியை விடாமல் அடித்தேன். விடாமல் அடித்தால் சுரங்கத்தில் விபத்து என்று அர்த்தமாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் ரிட்டையரான சுரங்கக்காரர்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து குளியலறையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உள்ள எத்தினி பேரு?" என்றார் பக்கத்து வீட்டு அந்தோணி மாமா. கையில் ஏணி.

கூட்டத்தை விலக்கி ஸ்டெல்லா உள்ளே போவதற்குள் தூரத்தில் ரயிலின் ஹார்ன் கேட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பஸ் பிடித்துத் தாமதமாகப் போனவளிடம் காரணம் கேட்டார்களாம். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்து முடிக்கவே நேரமாகி, வேறு கேள்வி கேட்காமல் வேலை கொடுத்துவிட்டார்கள். இன்று அவளே அங்கே டிசைன் திங்கிங் வகுப்பு எடுக்கிறாள். முதல் பாடம் நான்தான்.

மணி இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. போன கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் கேக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்க, "எனக்கு ஒரு ஐடியா" என்று ஆரம்பித்தேன். அப்பா எழுந்து போய், நிதானமாக ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.