ஞாயிற்றுக்கிழமை அலைக்கு விடுமுறை

ஒரு காட்டில், ஜவ்வாது மலையின் கிழக்குச் சரிவில், தீர்த்தகிரி என்று ஒரு கரடி இருந்தான். சென்னைப் பட்டணத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவன் என்று அந்தக் காட்டில் அவனுக்குப் பெயர்.

உண்மை வேறு. நான்கு வருஷத்துக்கு முன்னால் புளி ஏற்றிய லாரியில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிப்போனான். விழித்தபோது லாரி கோயம்பேட்டில் நின்றுகொண்டிருந்தது. பயத்தில் அன்று முழுக்க மூட்டையை விட்டு வெளியே வரவில்லை. தார்ப்பாயின் ஓட்டை வழியாக மூன்று லாரி டயரும் ஒரு டீக்கடையின் பின்சுவரும் தெரிந்தன. மறுநாள் அதே லாரியில் ஊர் திரும்பினான்.

"பட்டணம் எப்படி இருந்தது?" என்று யாரோ கேட்டார்கள். டயரைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? கோட்டை என்றான், கலங்கரை விளக்கம் என்றான், கடல் என்றான். சாயங்காலமானால் கேட்பதற்குக் கூட்டம் சேர்ந்தது. படுக்கப்போகும்போது, "நீயெல்லாம் ஒரு கரடியா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வான். கரடிதான், அதனால்தான் விடுகிறோம் என்று பதில் சொல்லிக்கொண்டு தூங்கிவிடுவான்.

இந்தக் கதையைச் சொல்பவரும் முப்பது வருஷமாகச் சென்னையில்தான் குடியிருக்கிறார். கலங்கரை விளக்கத்தில் இன்னும் ஏறியதில்லை. அதனால் தீர்த்தகிரியைக் குறைசொல்ல அவருக்கு வாய் வராது.

அந்தக் காட்டுக்கு நாட்டார், அதாவது தலைவர், சடையப்பன் என்கிற கடமான். கொம்பு பெரிது, கையில் புதுப் போன். ஒருநாள் அவர் அறிவித்தார்: "வர்ற ஞாயித்துக்கிழமை நாம எல்லாரும் பட்டணம் பாக்கப் போறோம். வழிகாட்டி நம்ம தீர்த்தகிரி."

எல்லோரும் திரும்பிப் பார்க்க, தீர்த்தகிரி தலையை ஆட்டிவைத்தான். படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, கொம்பு உண்டா இல்லையா, உண்டென்றால் மடக்க முடியுமா என்று பதினோரு கேள்விகள். கொம்புள்ளவர்கள் பலர் அங்கேயே கழன்றுகொண்டார்கள். மீதி இருந்தவர்கள் படிவத்தை மூன்று நகல் எடுக்கும் வரிசையில் நின்று சலித்துத் திரும்பிப் போனார்கள். கடைசியில் கிளம்பியது மூன்றே பேர்: நாட்டார், தீர்த்தகிரி, குப்பம்மா என்கிற முள்ளம்பன்றி.

குப்பம்மா எதையும் அதிகம் கேட்பவள் இல்லை. ரயிலில் ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, கடல் உண்டுதானே?"

"கடல் இல்லாம பட்டணமா?"

"எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னே சொல்லிட்டிருந்தாரு. அதான் கேட்டேன்."

தீர்த்தகிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சென்ட்ரலில் இறங்கினார்கள். வெளியே வந்ததும் ரோடு இரண்டு பக்கமும் போனது. இரண்டு பேரும் தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தயங்காமல் மேற்கே கையை நீட்டினான். கடல் கிழக்கே இருந்தது.

கொஞ்ச தூரத்தில் வெள்ளை வெளேரென்று மணிக்கூண்டோடு ஒரு கட்டடம் வந்தது. அது மாநகராட்சி மாளிகை.

"இதுதான் கோட்டை" என்றான் தீர்த்தகிரி.

"இது ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு? சென்ட்ரல் சிவப்பா இல்ல இருந்தது?" என்று நாட்டார் கேட்டார்.

"இதைக் கட்டினவன் வெள்ளைக்காரன். அதைக் கட்டினவனும் வெள்ளைக்காரன்தான், ஆனா வெயில்ல நின்னு கட்டினான்."

நாட்டார் தலையாட்டிவிட்டுப் படம் எடுத்தார், 'கோட்டையில் நாங்கள்' என்று எழுதிப் போனில் இருந்த காட்டுக் குழுவில் போட்டார்.

எழும்பூர்ப் பக்கம் உயரமான கோபுரத்தோடு ஒரு பழைய தேவாலயம் வந்தது. அது கலங்கரை விளக்கமானது.

"விளக்கு எங்க அண்ணே?" என்றாள் குப்பம்மா.

"பகல்ல எதுக்கும்மா விளக்கு?"

அதுவும் குழுவுக்குப் போனது. தீர்த்தகிரிக்கு உள்ளுக்குள் வியர்த்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டடம் வருவதற்குள் இன்னொன்றை யோசிக்க வேண்டியிருந்தது. காட்டில் இருந்துகொண்டு விடுவது எவ்வளவு சுகம் என்று நினைத்தான்.

கால் வலிக்க நடந்து சேத்துப்பட்டு ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் பளபளவென்று கிடந்தது.

"கடல்!" என்று தீர்த்தகிரி முந்திக்கொண்டான்.

"அலை இல்லையே" என்றார் நாட்டார்.

"ஞாயித்துக்கிழமை. அலைக்கு லீவு."

"அதென்ன, அன்னம் மாதிரி மிதக்குது? காலால மிதிக்கிறாங்க?"

"பயணிகள் கப்பல். சரக்குக் கப்பல் அந்தப் பக்கம் நிக்கும்."

நாட்டார் கொம்பைச் சாய்த்துச் சாய்த்து நாற்பது படம் எடுத்தார். காட்டிலிருந்து வாழ்த்து குவிந்தது. 'நாட்டார் காலம் பொற்காலம்' என்று ஓணான்கூட எழுதியது.

 குப்பம்மா முள்ளையெல்லாம் மடக்கிக்கொண்டு, ஏரியைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றாள். "பாத்துட்டேன்யா" என்று யாரிடமோ சொன்னாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

 கோட்டை பொய்யானால் போகட்டும், கோபுரம் பொய்யானாலும் போகட்டும். இதைத் தீர்த்தகிரியால் பொறுக்க முடியவில்லை. சட்டென்று சொல்லிவிட்டான்.

"குப்பம்மா, இது கடல் இல்ல. எனக்குக் கடல் தெரியாது. நான் இந்த ஊர்ல பாத்ததெல்லாம் மூணு டயரு."

அவள் திரும்புவதற்குள் நாட்டார் பாய்ந்தார். "என்னய்யா உளர்றே?"

"நாட்டாரே, சத்தியமா. கோட்டையும் இல்ல, கலங்கரை விளக்கமும் இல்ல."

"குழுவுல போட்டாச்சு! அறுபத்தேழு பேரு கைதட்டிட்டான்!"

அங்கே நிழலில் படுத்திருந்த தேசிங்கு என்கிற நாய் எழுந்து உடம்பை உதறியது. "இன்னா நைனா சண்ட? இது ஏரிபா. கடலு அந்தாண்ட கீது. மெரினா போவுமான்னு கேட்டுட்டு பஸ்ஸுல ஏறு."

"தெருநாய்க்கு என்ன தெரியும்?" என்றார் நாட்டார்.

குப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்குதுங்க நாட்டாரே. இது எதுவா வேணா இருக்கட்டும். அவரு சொல்ற எடத்தையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்."

போனார்கள். மணலில் கால் புதையப் புதைய நடந்தார்கள். திடீரென்று எதிரே எல்லாமே தண்ணீராக இருந்தது. அக்கரை என்பதே இல்லை. தண்ணீர் எழுந்து நின்று, உறுமி, விழுந்து, மறுபடி எழுந்தது. தீர்த்தகிரி வாயைப் பிளந்தான். தான் விட்ட கடல்களெல்லாம் எவ்வளவு சின்னவை என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு அலை வந்து குப்பம்மாவை உருட்டிவிட்டுப் போனது. எழுந்து, உதட்டை நக்கினாள். "உப்பு!" என்று சிரித்தாள்.

நாட்டார் வெகுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு முடிவு வந்து உட்கார்ந்தது.

"பெரிய ஏரி" என்றார்.

"நாட்டாரே!"

"பெரிய ஏரிங்கிறேன். கடலைக் காலையிலேயே பாத்தாச்சு." ஒரே ஒரு படம் எடுத்து, 'ஏரிக்கரையில் நாங்கள்' என்று போட்டார். மூன்று பேர் கைதட்டினார்கள்.

"ஏரியாவே இருக்கட்டுங்க" என்றாள் குப்பம்மா. "நான் இங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்." ரயிலுக்கு நேரமாகும்வரை அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

ஊர் திரும்பியதும் தீர்த்தகிரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான்கு வருஷப் பொய்யை இறக்கி வைத்த ருசி விடவில்லை. எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னான். காடு கொதித்துப்போனது. கடலை ஏரி என்றும் ஏரியைக் கடல் என்றும் சொல்லி, நாட்டாருக்கு விழுந்த கைதட்டலைக் கொச்சைப்படுத்துகிறான் என்று விசாரணை வைத்தார்கள். சாட்சிக்குக் குப்பம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு ஏரி, கடல் வித்தியாசமெல்லாம் தெரியாதுங்க" என்றாள் அவள். "ஆனா அந்தப் பெரிய ஏரிக்கு இன்னொரு தடவை போகணும். படிவம் குடுப்பீங்களா?"

தீர்த்தகிரி கொடுக்க வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை நாட்டாரே எழுதி வைத்திருந்தார். 'சேத்துப்பட்டில் நான் கண்டது கடலே' என்று ஒரே வரி. தீர்த்தகிரி இரண்டு தடவை படித்தான். வாழ்நாளில் எத்தனையோ கரடி விட்டிருக்கிறான். அடுத்தவர் எழுதிய கரடிக்குக் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை. நகத்தை மையில் தொட்டுப் போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள்.

நீதி: உண்மையைச் சொல்வதானால் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஊர் கைதட்டிய பிறகு கடலே நேரில் வந்து நின்றாலும் அது ஏரிதான்.